டன்னாட்: வாயை வறள வைக்கும் சிவப்பு ஒயினை எதோடு, எப்படிக் குடிப்பது?

கேள்வி இது: மால்பெக், மெர்லோ வகைச் சிவப்பு ஒயின்கள் பழக்கம். பரிசாக வந்த ஒரு பாட்டிலில் 'மதிரான்' என்று எழுதியிருந்தது. கிளாஸில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கருஞ்சிவப்பு. ஒரு வாய் குடித்ததும் ஈறு, நாக்கு, உள்கன்னம் எல்லாம் வறண்டுவிட்டன. ஒயின் கெட்டுவிட்டதா, இல்லை இதன் குணமே இப்படியா? எந்த ஊர் ஒயின் இது, எதோடு சாப்பிட வேண்டும்?

கெட்டுப்போகவில்லை. கெட்ட ஒயினை வாய்க்கு முன்னால் மூக்கே கண்டுபிடித்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கையில் பழுது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி வந்தால் நுண்ணுயிரிகள் வேலை காட்டிவிட்டன என்று அர்த்தம். இரண்டும் இல்லாமல் வாய் மட்டும் வறண்டால், நீங்கள் குடித்தது டன்னாட் திராட்சை. மதிரான் என்பது ஊரின் பெயர். அந்த ஊர் ஒயினின் முதுகெலும்பு டன்னாட். பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் லேபிளில் ஊரைத்தான் எழுதுவார்கள், திராட்சையை எழுத மாட்டார்கள். அதனால்தான் பாட்டிலைப் பார்த்து எதுவும் புரியாமல் போயிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டன்னாட்டை வெறும் கிளாஸில் ஊற்றி, பக்கத்தில் எதுவும் இல்லாமல் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை. ஒயின் போட்டிகளில் நடுவர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். அது அவர்கள் தொழில். ஆனால் இந்த ஒயினைக் காலங்காலமாகச் செய்து வந்தவர்கள் வாத்துக் கொழுப்பும் உப்பும் நிறைந்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் குடிக்கவே செய்தார்கள். அந்தச் சாப்பாட்டைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது முரட்டுத்தனம் மட்டும்தான்.

வறட்சி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். திராட்சையின் தோலிலும் விதையிலும் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்து தோலை எடுத்துவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே பல நாட்கள் நொதிக்கின்றன. நிறமும் டேனினும் அப்போது இறங்குகின்றன. நம் எச்சில் வழவழப்பாக இருப்பதற்கு அதில் உள்ள புரதங்கள் காரணம். டேனின் வாய்க்குள் போனதும் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழவழப்புப் போய், நாக்கு மேலண்ணத்தில் உரசுகிறது. அதைத்தான் நாம் வறட்சி என்கிறோம். பால் ஊற்றாத கட்டித் தேநீரில் இதே வறட்சி உண்டு. அதில் பாலை ஊற்றினால் பாலின் புரதம் டேனினைப் பிடித்துக்கொள்ள, துவர்ப்பு அடங்கிவிடுகிறது. ஒயினுக்கு இறைச்சியும் சீஸும் செய்வது இதே வேலைதான்.

எல்லாச் சிவப்பு ஒயினிலும் டேனின் உண்டு. டன்னாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு? தோல் தடிமன், விதைகளும் அதிகம். இதைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. உருகுவேயின் குடியரசுப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இத்தாலியின் வெரோனா பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து டன்னாட்டின் மரபணுத் தொகுதியை வாசித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தத் திராட்சையின் மிகையான பாலிஃபீனால் (டேனினும் நிறமியும் அடங்கிய பொருட்கள்) அளவுக்குப் பின்னால் இருப்பவற்றில் பெரும்பாலானவை, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பினோ நுவார் வகைத் திராட்சையில் இல்லாத மரபணுக்கள் என்று கண்டார்கள். ஆக, மண்ணும் வெயிலும் கூட்டலாம் குறைக்கலாம். முரடு பிறவியிலேயே இருக்கிறது.

தோட்டக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அறுவடை நெருங்கும்போது பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டு விதையைத் தனியாகக் கடித்துப் பார்ப்பார்கள். விதை பச்சையாக, மெத்தென்று, கசப்பாக இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். பழுப்பாகி, பல்லில் 'நறுக்'கென்று உடைந்து, வறுத்த பருப்பின் வாசம் அடித்தால் பறிக்கலாம். சர்க்கரை ஏறிவிட்டது என்று கருவி சொல்லும். ஆனால் பச்சை விதையோடு நொதித்த டன்னாட் என்ன பாடுபடுத்தும் என்பதைக் கருவி சொல்லாது. சில ஒயின் ஆலைகளில் நொதித்தலின் நடுவில் சாறு முழுவதையும் வேறு தொட்டிக்கு வடித்து, அடியில் தங்கும் விதைகளில் ஒரு பகுதியை அள்ளி வெளியே எடுத்துவிட்டு, சாற்றைத் திரும்பத் தோலின் மேல் ஊற்றுவார்கள். விதையின் டேனின் தோலின் டேனினைவிடக் கடுமையானது என்பதால் இந்த வேலை.

சுவைக்கு வருவோம். இளம் டன்னாட்டில் முதலில் வருவது கருநிறப் பழங்கள்: பிளாக்பெர்ரி, கருப்பு பிளம், பிளாக்கரன்ட். அதன் பின்னால் அதிமதுரம், புகை, சில சமயம் காபி. ஓக் பீப்பாயில் கிடந்ததென்றால் வெனிலாவும் சுட்ட ரொட்டி வாசமும் சேரும். வயதாக ஆகப் பதப்படுத்திய தோல், புகையிலை, ஈர மண் வாசனைகள் மேலே வரும். பழத்தையும் துவர்ப்பையும் எல்லோரும் சொல்வார்கள், புளிப்பை மறந்துவிடுவார்கள். டன்னாட்டில் அமிலம் நல்ல தூக்கலாக இருக்கும். ஆல்கஹால் பொதுவாக 13 முதல் 14.5 சதவீதம். இவ்வளவு கனத்துக்கும் நடுவில் இரண்டாவது கிளாஸைக் கேட்க வைப்பது அந்தப் புளிப்புதான். கொழுப்புச் சாப்பாட்டை வெட்டுவதும் அதுவே.

பிறந்த இடம் பிரான்சின் தென்மேற்கு மூலை. பிரனீஸ் மலைத்தொடருக்கு வடக்கே, அதூர் ஆற்றங்கரையை ஒட்டிய குன்றுகளில் மதிரான் இருக்கிறது. ஜேர்ஸ், ஓத்-பிரனே, பிரனே-அத்லாந்திக் என்ற மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இடம். பழைய காஸ்கோனி நாடு. பதினோராம் நூற்றாண்டில் இங்கே பெனடிக்டைன் துறவிகள் மடம் அமைத்தார்கள். ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவுக்கு நடந்து போன யாத்திரிகர்கள் இந்த வழியாகப் போனார்கள். ஒயினின் பெயர் அவர்களோடு பரவியது. 1948-ல் மதிரானுக்கு அரசு அங்கீகாரம் பெற்ற புவிசார் பெயர் கிடைத்தது. டன்னாட்டோடு கேபர்நே ஃபிராங்க், கேபர்நே சாவிந்யோன், அந்த வட்டாரத்துக்கே உரிய ஃபெர் செர்வாடூ ஆகியவற்றைக் கலக்க விதி இடம் தருகிறது. கலப்பதன் நோக்கம் டன்னாட்டின் முனையை மழுக்குவது. அதே குன்றுகளில் விளையும் வெள்ளை ஒயினுக்கு வேறு பெயர்: பாஷ்ரான்க் து விக்-பில். அதைப் பற்றிக் கீழே ஒரு வேலை இருக்கிறது.

அங்கீகாரம் வந்ததே தவிர ஊர் உடனே எழுந்து நிற்கவில்லை. தூக்கி நிறுத்தியவர்களில் முதல் பெயர் அலென் புரூமோன். குடும்பத் தோட்டம் பூஸ்காசே. 1980-ல் அவர் ஷாத்தோ மோந்துஸ் என்ற தோட்டத்தை வாங்கினார். ஊரே டன்னாட்டைக் கலந்து மென்மையாக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர் எதிர்த் திசையில் போனார்: டன்னாட் மட்டும், புதிய ஓக் பீப்பாயில். 1985 அறுவடையின் ஒயின் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவின் பெரிய தோட்டங்களுக்குப் பக்கத்தில் மதிரானையும் வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். அடக்க முடியாத திராட்சையை அடக்காமலே, ஆனால் நன்றாகப் பழுக்க வைத்துச் செய்தால் போதும் என்பது அவர் பந்தயம்.

இரண்டாவது ஆள் பாட்ரிக் துகூர்னோ. என்னைக் கேட்டால் உலக ஒயின் தொழிலுக்கு மதிரான் கொடுத்த பெரிய பரிசு இவர் கண்டுபிடிப்புதான். ஓக் பீப்பாயில் ஒயின் கிடக்கும்போது மரத்தின் வழியாகக் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்று உள்ளே போகிறது. அந்த ஆக்சிஜன் பட்டு டேனின்களும் நிறமிகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. நிறம் நிலைக்கிறது, துவர்ப்பு மென்மையாகிறது. இது பல மாதங்கள் பிடிக்கும் காரியம், பீப்பாயும் விலை அதிகம். துகூர்னோ 1990-களின் தொடக்கத்தில் என்ன செய்தார் என்றால், துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியின் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் முனையைப் பொருத்தி, அதன் வழியாக ஆக்சிஜனை மிக நுண்ணிய குமிழிகளாக விட்டார். அளவு மிகச் சிறியது; ஒயின் முதிரும் கட்டத்தில் லிட்டருக்கு மாதம் ஒரு சில மில்லிகிராம்தான். குமிழிகள் மேற்பரப்புக்கு வருவதற்குள் கரைந்துவிட வேண்டும். கூடிப்போனால் ஒயின் சோர்ந்துபோகும். 1996-ல் ஐரோப்பிய ஆணையம் இந்த முறையை அனுமதித்தது. இன்று போர்தோவிலிருந்து சிலி வரை இதைப் பயன்படுத்துகிறார்கள். உலகமெங்கும் மலிவு விலைச் சிவப்பு ஒயின்கள் இப்போதெல்லாம் வாங்கியவுடனே குடிக்கும்படி வழவழவென்று இருப்பதில் இந்த முறைக்கும் ஒரு பங்கு உண்டு. அது முழுக்க நல்லதுதானா என்பது வேறு விஷயம். எல்லாம் ஒரே சாயலில் வந்துவிடுகின்றன என்ற புகாரில் நியாயம் இருக்கிறது.

மதிரானைத் தவிர தென்மேற்கில் வேறு ஊர்களிலும் டன்னாட் உண்டு. சான்-மோன், துர்ஸான் இரண்டும் விலையிலும் முரட்டிலும் கொஞ்சம் இளகியவை. பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் இருக்கும் பாஸ்க் நாட்டு மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் விளையும் இருலெகி எனக்குப் பிடித்தது. மலைக் குளிர்ச்சியால் அதில் ஒரு மூலிகை வாசம் இருக்கும்.

இனி கடல் தாண்ட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ்க் மக்கள் கூட்டங்கூட்டமாகத் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் பாஸ்குவால் அரியாகே. உருகுவேயின் வடமேற்கில், உருகுவே ஆற்றங்கரையில் இருக்கும் சால்ட்டோவில் குடியேறினார். பல வகைக் கொடிகளை நட்டுப் பார்த்தும் சரிவரவில்லை. ஆற்றின் அக்கரையில் அர்ஜென்டினாவின் கான்கோர்டியா. அங்கே இன்னொரு பாஸ்க் குடியேறியிடம் இருந்த கொடியை 'லோர்தா' என்று அழைத்தார்கள். அதை 1870-களில் சால்ட்டோவில் நட்டார், பிடித்துக்கொண்டது. அது டன்னாட்தான். உருகுவேயில் பல பத்தாண்டுகளுக்கு அந்தத் திராட்சையின் பெயரே 'அரியாகே'. அவர் 1894 ஏப்ரல் 14 அன்று இறந்தார். உருகுவேயில் அந்தத் தேதியைத்தான் டன்னாட் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

மற்றதெல்லாம் தோற்ற இடத்தில் டன்னாட் ஏன் ஜெயித்தது? பக்கத்து அர்ஜென்டினாவின் மெண்டோஸா, ஆண்டீஸ் மலையின் நிழலில் இருக்கும் பாலைவனம். பாசனம் இல்லாமல் அங்கே எதுவும் இல்லை. உருகுவே அப்படியில்லை. அட்லாண்டிக் காற்று, ஈரம், ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும் மழை. தோல் மெல்லிய திராட்சை அந்த ஈரத்தில் கொடியிலேயே அழுகும். டன்னாட்டின் தடித்த தோல் தாங்கியது. வாயில் தொந்தரவு தரும் அதே தோல்தான் தோட்டத்தில் அதைக் காப்பாற்றியது.

ஆனாலும் நீண்ட காலம் உருகுவே ஒயின் ஊருக்குள் குடிப்பதற்காகப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து விற்கப்பட்ட சாதாரணச் சரக்காகவே இருந்தது. 1987-ல் தேசிய ஒயின் வளர்ப்பு நிறுவனமான இனாவியை அமைத்து, தோட்டங்களைத் திருத்தினார்கள். பிரான்சிலிருந்து நோய் நீக்கிய புதிய டன்னாட் கொடிகள் வந்தன. காற்றோட்டத்துக்காகக் கொடியை ஆங்கில V எழுத்து வடிவில் இரண்டாகப் பிரித்துப் படரவிடும் 'லைரா' பந்தல் பரவியது. இன்று அந்த நாட்டின் மொத்தத் திராட்சைப் பரப்பு சுமார் 6,000 ஹெக்டேர். அதில் கால் பங்கு அளவில் டன்னாட் நிற்கிறது. பெரும்பகுதி தலைநகர் மாண்டிவிடியோவைச் சுற்றியுள்ள கனெலோனெஸில், களிமண்ணில். கிழக்கே மால்டொனாடோவில் கடலுக்கு அருகே, சிதைந்த கருங்கல் மண்ணில் புதிய தோட்டங்கள் வந்துள்ளன. அந்த மண்ணை அங்கே 'பாலாஸ்தோ' என்கிறார்கள். கார்சோன் ஆலையின் உயர்ந்த ஒயினுக்கும் அதே பெயர்.

இரண்டு நாட்டு டன்னாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மதிரான் இறுக்கமானது. பழம் உள்ளே ஒளிந்திருக்கும், டேனின் முன்னால் நிற்கும். நல்லதாக இருந்தால் ஐந்து வருடம், பத்து வருடம், அதற்கு மேலும் வைக்கலாம். உருகுவே டன்னாட்டில் பழம் முன்னால் வந்துவிடும், துவர்ப்பு வட்டமாக இருக்கும். அறுவடை ஆண்டிலிருந்து இரண்டு, மூன்று வருடத்தில் குடிக்கத் தயார். முதல் தடவை குடிப்பவருக்கு உருகுவேயைக் கொடுப்பேன். நல்ல பசியோடு, பெரிய சாப்பாட்டுக்கு உட்காருபவருக்கு மதிரான்.

'டன்னாட் இதயத்துக்கு நல்லது' என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதன் மூலம் இது. லண்டனைச் சேர்ந்த ரோஜர் கோர்டரும் அவரது குழுவும் 2006-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தென்மேற்குப் பிரான்சின் ஒயின்களில், குறிப்பாக டன்னாட்டில் செய்தவற்றில், புரோசயனிடின் என்ற டேனின் வகைப் பொருள் அதிகம் என்றும், அந்த வட்டாரத்தில் நீண்ட ஆயுள் கொண்டவர்கள் அதிகம் என்றும் அது காட்டியது. ஒரு வட்டாரத்து மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதற்கு அவர்கள் குடிக்கும் ஒயின்தான் காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல், பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டது. சாப்பாட்டோடு ருசிக்காகக் குடிப்பதென்றால் குடியுங்கள். மருந்து என்று சொல்லிக் குடிக்காதீர்கள்.

சரி, சாப்பாடு. காஸ்கோனியில் ஆரம்பிக்கலாம். அங்கே சமையல் எண்ணெய் என்றாலே வாத்துக் கொழுப்பு. வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைத்து, அந்தக் கொழுப்புக்குள்ளேயே மூடி வைப்பது 'கான்ஃபி'. சாப்பிடும் நேரத்தில் எடுத்துத் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை வாட்டுவார்கள். இதில் டன்னாட்டுக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன: புரதம் டேனினைப் பிடிக்கிறது, கொழுப்பு நாக்கைப் பூசி உரசலைக் குறைக்கிறது, உப்பு கசப்பை அமுக்குகிறது. பதிலுக்கு ஒயினின் புளிப்பு கொழுப்பைக் கழுவி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார் செய்கிறது. வெள்ளை பீன்ஸ், தொத்திறைச்சி, வாத்து எல்லாம் மண்சட்டியில் வெந்து மேலே பொருக்குக் கட்டும் காசுலே இதே குடும்பம். மாக்ரே எனப்படும் வாத்து நெஞ்சுக்கறியை மாட்டு ஸ்டேக் போல உள்ளே சிவப்பாகவே வைத்துப் பரிமாறும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்: ஓஷ் நகரத்துச் சமையற்கலைஞர் ஆந்த்ரே தகென்.

ஆனால் மதிரானைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் காட்டுவது கார்பூர் என்ற சூப்பை. முட்டைக்கோஸ், வெள்ளை பீன்ஸ், கிழங்கு, பன்றி எலும்பு, கான்ஃபித் துண்டு எல்லாம் போட்டுக் கரண்டி நட்டால் நிற்கும் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். காயையும் கறியையும் சாப்பிட்டு முடித்து, தட்டின் அடியில் கொஞ்சம் சூடான சாறு மிஞ்சும்போது, கிளாஸில் இருக்கும் சிவப்பு ஒயினை அதில் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள். இதற்கு 'ஷாப்ரோ' என்று பெயர். நாசூக்கு பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கொழுப்பும் உப்பும் சேர்ந்த அந்தச் சாறு டன்னாட்டின் துவர்ப்பை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனைச்சாலையும் காட்டாது.

உருகுவேயில் வாத்துக்குப் பதில் மாடு. 35 லட்சம் மக்கள், ஒரு கோடிக்கு மேல் மாடுகள். ஞாயிற்றுக்கிழமை அசாடோ எனப்படும் சுட்ட இறைச்சி விருந்தில் அவர்கள் கரியைப் பயன்படுத்துவதில்லை, விறகுதான். ஒரு பக்கம் இரும்புக் கூடையில் விறகு எரியும். விழும் தணலைக் கம்பியால் இழுத்து, சாய்வாக வைத்த கிராதிக்கு அடியில் பரப்புவார்கள். விலா எலும்பைக் குறுக்கே நறுக்கிய துண்டுகள் கல்லுப்பு மட்டும் பட்டு நிதானமாக வேகும். விளிம்பில் கருகிய கொழுப்பு, புகை, உப்பு. டன்னாட்டிலேயே ஒரு புகை வாசம் இருப்பதால் இரண்டும் உடனே கைகோத்துக்கொள்ளும். ஆட்டுக்கறியும் நன்றாகப் போகும். கறியை உள்ளே சிவப்பாக விட்டால் ஒயின் இன்னும் மென்மையாகத் தெரியும்; முழுக்க வறள வேகவைத்தால் வறட்சியோடு வறட்சி சேரும். அதே கிராதியில் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த இனிப்பான ரத்தத் தொத்திறைச்சி ஒன்று வரும். ருசியான பண்டம், ஆனால் அந்த இனிப்புக்குப் பக்கத்தில் டன்னாட் கசந்துவிடும். அதைச் சாப்பிடும் நேரத்தில் கிளாஸைக் கீழே வைத்துவிடுங்கள்.

சீஸில் சந்தேகமே வேண்டாம்: பிரனீஸ் மலையின் செம்மறியாட்டுப்பால் சீஸான ஓஸோ-இராத்தி, நன்றாக முதிர்ந்தது. நீல பூஞ்சை ஓடும் ராக்ஃபோர் வகைகளைத் தவிர்த்துவிடலாம். டன்னாட்டோடு சேர்ந்தால் வாயில் ஒரு உலோகச் சுவை வரும். வாத்து ஈரலான ஃபுவா கிராவுக்கு அந்த ஊர்க்காரர்களே மதிரானைத் திறப்பதில்லை. மேலே சொன்ன பாஷ்ரான்க்கின் இனிப்பு வகையைத்தான் திறக்கிறார்கள்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. பயறும் பீன்ஸும் வெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு மெதுவாக வேகட்டும். தணலில் சுட்ட கத்தரிக்காய், வறுத்த காளான், மேலே துருவிய கெட்டிச் சீஸ். உப்பைக் குறைத்துவிடாதீர்கள், காளானில் இருக்கும் உமாமி என்ற கறிச்சுவை, உப்பு இல்லாத இடத்தில் துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். வெறும் பச்சைக் காய்கறி சாலட்டுக்கு வேறு ஒயின் பாருங்கள்.

ஒத்துவராதவை என்றால் முதலில் மீன். சிவப்பு ஒயினும் மீனும் சேர்ந்தால் வரும் கவிச்சிக்கு டேனின்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒயினில் கரைந்துள்ள இரும்புதான் முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். எப்படியானாலும் டன்னாட்டுக்கு மீன் வேண்டாம். அடுத்தது மிளகாய்க் காரம்: ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், டேனின் அதன் மேல் இன்னொரு சுரண்டல் சுரண்டும். மூன்றாவதாக, டன்னாட்டோடு கருப்புச் சாக்லேட் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலுமே துவர்ப்பு, அதோடு சாக்லேட்டின் இனிப்பு ஒயினில் இருக்கும் பழத்தைக் காலி செய்து புளிப்பை மட்டும் விட்டுவைக்கும். சாக்லேட்டுக்கு டன்னாட் வேண்டுமென்றால் உருகுவேயில் அதற்கென்றே ஒன்று செய்கிறார்கள்: சர்க்கரை முழுக்க நொதிக்கும் முன் ஆல்கஹால் சேர்த்து நிறுத்திய லிக்கர் வகை. அது அருமையாகப் பொருந்தும்.

ஊற்றும் முறை பற்றி. வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். அறை அதைவிடச் சூடாக இருந்தால் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆனால் நன்றாகக் குளிரவைத்தால் டேனின் இன்னும் கடுமையாகத் தெரியும். இளம் மதிரானை அகன்ற ஜாடியில் ஊற்றி இரண்டு மணி நேரம் காற்றாட விடுங்கள். தக்கையைப் பிடுங்கிப் பாட்டிலை அப்படியே வைப்பதால் பயனில்லை; கழுத்தின் சின்ன வட்டத்தில் எவ்வளவு காற்றுப் படப் போகிறது? பழைய பாட்டிலில் அடியில் வண்டல் இருக்கும். நாளாக நாளாகக் கோத்துக்கொண்டு கனத்துப்போன டேனினும் நிறமியும்தான் அது, கெடுதல் இல்லை. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மெதுவாக வடித்துக்கொண்டால் போதும். உங்கள் பாட்டிலில் மீதி இருந்தால் தக்கையை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து நாளைக்குக் குடித்துப் பாருங்கள். மெல்லிய ஒயின்கள் மறுநாளே தளர்ந்துவிடும்; டன்னாட் பெரும்பாலும் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த முறை வாங்கும்போது உருகுவே பாட்டில்களில் திராட்சையின் பெயரே முன்னால் எழுதியிருக்கும், குழப்பமில்லை. 'டன்னாட்-மெர்லோ' என்று இருந்தால் மென்மையான கலப்பு. இப்போது பீப்பாயே படாமல், முழுப் பழமாக நொதிக்க வைத்த லேசான டன்னாட்டும் கிடைக்கிறது. அதைக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே குடிக்கலாம். மதிரான் என்றால் அறுவடை ஆண்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்ததாக இருந்தால் ஒன்று ஜாடி வேண்டும், இல்லை பொறுமை வேண்டும். லேபிளில் நூறு சதவீத டன்னாட் என்று இருந்தால், அன்றைக்குச் சமையலில் வாத்தோ ஆடோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள்.